கத்திக்கு ஒரு நாள் அவதி

எனக்குச் சத்தம் ஆகாது. பக்கத்தில் யாராவது பேனாவின் தலையை அமுக்கிக்கொண்டே இருந்தால் எழுந்து போய்ப் பேனாவைப் பிடுங்கிவிடுவேன். இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் மலையாள எல்லையில், மீனாட்சிபுரம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில், ஜன்னலோரமாக, பால் அளக்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். கேன் உருள்கிற சத்தம், மொபெட் சத்தம், மெஷின் போடுகிற 'பீப்' எல்லாவற்றையும் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். அந்த அக்காவின் கட்டைவிரலைத்தான் பொறுக்க முடியவில்லை.

வரிசையில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ நிற்பார். இடது கையில் பால் கேன். வலது கையில் ஒரு கத்தி. டக். டக். முதல் டக்கில் அலகு முன்னால் பாய்ந்து வரும். இரண்டாவது டக்கில் உள்ளே போய்விடும். கத்தியை எப்போதும் தரையைப் பார்த்துத்தான் பிடித்திருப்பார், யார் மேலும் பட்டுவிடாது. ஆனால் காதில் பட்டது. காலையில் பத்துத் தடவை, பொழுதோடு பத்துத் தடவை.

ஊரில் அவரைக் கத்தியக்கா என்றே சொல்வார்கள். அதுவே போதும். சொந்தப் பேரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. நாலு மாடு, ஒரு கிடேரி. வீட்டுக்காரர் மலைமேல் பள்ளிவாசல் என்கிற ஊரில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் லாரி ஓட்டினார், மாதத்துக்கு ஒருதரம் வருவார். மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருந்தது. வீட்டில் அக்கா மட்டும்தான். சிரித்தால் மேல்வரிசையில் ஒரு முன்பல் பாதி உடைந்திருப்பது தெரியும். அதனாலோ என்னவோ வாயை மூடிக்கொண்டேதான் சிரிப்பார்.

எதையும் ஒருமுறை பார்த்து அவருக்குத் திருப்தி வந்ததே இல்லை. பாலை ஊற்றிய பிறகு கேனைக் கவிழ்த்துப் பார்ப்பார். ரசீதை இரண்டு பக்கமும் பார்ப்பார், பின்பக்கம் ஒன்றும் அச்சடித்திருக்காது என்று தெரிந்தும். வாசல் கேட்டைச் சாத்திவிட்டுப் பத்தடி வந்து, திரும்பிப் போய் அசைத்துப் பார்ப்பார். யாராவது சிரித்தால், "எதுக்கும் ஒருக்காப் பாத்துக்கலாமுங்க, கொறஞ்சா போயிரும்?" என்பார். இந்த 'எதுக்கும் ஒருக்கா'வைச் சொல்லாமல் அவர் ஒரு நாளையும் கழித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

என் ஜன்னல் பலகையில் முழங்கையை ஊன்றி நிற்பார் என்பதால் அந்தக் கத்தி தினமும் என் கண்ணுக்கு நேரே இருக்கும். உள்ளங்கை நீளம். கறுப்பு உடம்பு. அதன் நடுவில் ஒரு நீளமான வெட்டு, அந்த வெட்டுக்குள் முன்னும் பின்னும் நகர்கிற ஒரு சுவிட்ச். விரல் வழுக்காமலிருக்க அதன் மேல் குறுக்கு வரிகள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதுவும் கறுப்பாகத்தான் இருந்தது. ஒரு வருடத்தில் வரிகளின் முகடுகள் மட்டும் பளபளத்தன. அடுத்த வருடம் இடது ஓரம் சாம்பல் நிறமாகிவிட்டது. அக்கா கட்டைவிரலைச் சாய்த்துத்தான் வைப்பார். நாலாவது வருடம் பூச்சு முழுக்கப் போய், வரிகளும் மழுங்கி, சுவிட்ச் வெள்ளை வெளேரென்று இருந்தது. அலகு மட்டும் அப்படியே புதுசு. கம்பெனிக்காரன் பொறித்த எழுத்து கூட மங்கவில்லை. ஒரு கீறல் கிடையாது.

ஏனென்றால் அந்தக் கத்தியால் அக்கா எதையுமே வெட்டியதில்லை.

ஒருநாள் தீவன மூட்டை வந்திறங்கியது. பிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. "ஏனுங்கக்கா, அதைச் சித்தெக் குடுங்க" என்றேன்.

"இதைத் தவுத்து வேறென்ன வேணும்னாலும் கேளுங்க தம்பி" என்றார். சொல்லிவிட்டு மூட்டைப் பக்கத்தில் குந்தி, தையலின் இரண்டு முனைகளையும் தடவிப் பார்த்து, சரியான முனையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். தையல் சரசரவென்று ஒரே நூலாக வந்துவிட்டது. அந்த நூலையும் சுருட்டி என் கையில் கொடுத்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெட்டாத கத்திக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

"இதை அடிச்சு அடிச்சு என்னத்தைக் கண்டீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. உதட்டைத் தூக்கி அந்த உடைந்த பல்லைக் காட்டினார்.

"இது கத்தி தொறக்கப் போயி ஒடஞ்சதுங்க" என்றார்.

அப்புறம் சொன்னார். 'என்ற மாடு, என்ற மாடு' (எங்கள் பேச்சில் 'என்ற' என்றால் என்னுடைய) என்று இரண்டு தடவை சொல்லி நிறுத்தி, மூன்றாம் தடவைதான் கதைக்குள் போனார். முதல் ஈத்து மாடு. ஈர சிமெண்டுத் தரையில் வழுக்கி, முன்காலைக் கயிற்றின் மேல் போட்டு, தீவனம் வைக்கிற காடிக்கு அந்தப் பக்கமாக விழுந்துவிட்டது. உடம்பு மொத்தமும் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. அக்கா ஓடிப்போய்த் தலையை ஒரு தோளில் தாங்கிக்கொண்டார். இன்னொரு கைக்கு எட்டுகிற மாதிரி இடுப்பில் மடக்குக் கத்தி இருந்தது. எடுத்தும்விட்டார். ஆனால் மடக்குக் கத்தியை நகத்தால் நெம்பித்தான் திறக்க வேண்டும், அதற்கு இரண்டு கை வேண்டும். இருந்தது ஒரு கை. பல்லால் கடித்து இழுத்தார். பாதிப் பல்தான் வந்தது.

"கையில கத்தி இருக்குதுங்க தம்பி. இருந்தும் பாத்துட்டே நின்னேன்" என்றார். "அதனோட கண்ணு என்ற கண்ணுக்கு இத்தன கிட்டக்க இருந்துச்சு."

அடுத்த மாதம் ஊருக்கு வந்த வீட்டுக்காரரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரே கையால் திறக்கிற கத்தி. அவர் குமுளியில் ஒரு கடையில், ஏதோ வெளிநாட்டுக்காரர் விற்றுவிட்டுப் போனது என்று பெட்டியோடு வாங்கி வந்தார்.

"சரிங்க, கத்திதான் வந்துருச்சே. அதை ஏன் நாள் முச்சூடும் அடிக்கறீங்க?"

"கத்தி மறக்காதுங்க. வெரல் மறந்து போயிருமுல்ல?" என்றார். டக். டக்.

இதைக் கேட்ட பிறகாவது எனக்குப் பொறுமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாவம் என்று நினைத்தேன், ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டேன், எட்டாம் நாள் மறுபடியும் காது குடைந்தது. மனுஷன் அவ்வளவுதான்.

ஒருமுறை நானும் அக்காவும் ஒரே பஸ்ஸில் பொள்ளாச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். செக்போஸ்ட்டில் ஏறிய போலீஸ்காரர் அக்காவின் மஞ்சள் பையில் கத்தியைப் பார்த்துவிட்டார். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நேராக அந்த வெளுத்த சுவிட்சின் மேல்தான் அவர் விரல் போய் நின்றது.

"இது கொறே உபயோகிச்சதாணல்லோ, சேச்சி?" என்றார், நிறையப் புழங்கியதாச்சே என்று. குரல் மாறிவிட்டது. இத்தனை தேய்ந்திருந்தால் எத்தனை பேரைக் கண்ட கத்தியோ என்று அவருக்கு. பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள்.

"அலகைப் பாருங்க சார்" என்றார் அக்கா.

அவர் சுவிட்சைத் தள்ளினார். அலகில் பஸ் ஜன்னல் அப்படியே தெரிந்தது. கீறல் இல்லாத அலகையும் வெளுத்த சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "மாட்டுக் கவுறு அறுக்கறதுக்குங்க" என்றார் அக்கா. "எத்தற கயர் அறுத்து?" என்று கேட்டார். "இன்னும் ஒண்ணு கூட இல்லைங்க சார்." போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "வீட்டில் வெச்சா மதி", வீட்டில் வைத்தால் போதும், என்று கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அக்கா உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சுவிட்சைத் தள்ளிப் பார்த்தார், போலீஸ்காரர் கை பட்டு ஏதாவது ஆகியிருக்குமோ என்று.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

சொசைட்டியில் ஆயுத பூசை நான்தான் செய்வேன். தராசு, பால் மெஷின், கம்ப்யூட்டர், மோட்டார், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். உறுப்பினர்கள் அரிவாளும் பால் சொம்பும் கொண்டு வந்து வைப்பார்கள். பூசையில் வைத்ததை மறுநாள் காலை சூடம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். என் பொட்டு மட்டும் எதிலும் நேராக விழாது. வட்டமாக ஆரம்பித்து வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். தராசின் பொட்டைப் பார்த்து, தராசே சாய்ந்திருக்கிறது என்று கிண்டல் செய்வார்கள்.

அந்த வருடம் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "அந்தக் கத்தியையும் கொண்டாந்து வெய்யுங்கக்கா. ஒரு நாளைக்கு அதுக்கும் அவதி குடுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அவதி என்றால் லீவு. ஆபீஸ் மலையாளத்திலிருந்து எங்கள் தமிழில் வந்து குந்திக்கொண்ட வார்த்தை. பள்ளிக்கூடத்துக்கு அவதி, பேங்குக்கு அவதி. அதையே நாலு மைல் கிழக்கே போய் ஒரு பொள்ளாச்சிக்காரரிடம் சொன்னால், என்ன கஷ்டமோ என்று பதறிப்போவார். நான் கேட்டது முதல் அவதி. சாமிக்காகக் கேட்கவுமில்லை. ஒரு சாயங்காலமாவது அந்தச் சத்தம் இல்லாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா இரண்டு நாள் யோசித்தார். "ராத்திரி முச்சூடும் இங்கயே இருக்கோணுமுங்களா?" என்று இரண்டு நாளும் கேட்டார். கடைசியில் கொண்டு வந்து வைத்துவிட்டார். சாமி விஷயத்தில் மறுத்துப் பேசத் தெரியாத மனுஷி.

அவர் போன பிறகு பொட்டு வைத்தேன். வெளுத்துப்போன அந்தச் சுவிட்ச் துடைத்த நெற்றி மாதிரி இருந்தது. வேறு எங்கே வைப்பேன்? சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்துச் சுவிட்சின் மேலேயே அப்பினேன். வழக்கம்போல வலது பக்கம் இழுத்தது. வெட்டுக்குள் கொஞ்சம் இறங்கியதையும் பார்த்தேன். துடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் வரிசை அமைதியாக நகர்ந்தது. அக்கா வலது கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றார். நான் வெகு சுகமாக இருந்தேன்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். பாலை ஊற்றினார். நான் சூடம் காட்டி முடித்ததும் கத்தியைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் சுவிட்சுக்குப் போனது.

"இங்க வெச்சு அடிக்காதீங்கக்கா. ஊட்டுக்குப் போயி எத்தன வேணும்னாலும் அடிச்சுக்குங்க" என்றேன். பொரி கடலைப் பொட்டலத்தையும் வலது கையில் திணித்துவிட்டேன். இடது கையில் கேன். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாயை மூடிச் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் கவனித்தேன், கேன் மூடி என் ஜன்னல் பலகையிலேயே இருந்தது. எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர் ஒன்றை மறந்துவிட்டுப் போனதை அன்றுதான் பார்த்தேன். கொடுத்துவிட்டு வரலாம் என்று நடந்தேன். இரண்டு நிமிட நடை.

வாசலில் பொரி சிந்திக் கிடந்தது. கேன் உருண்டிருந்தது. கட்டுத்தரையில் அந்தக் கிடேரி, காடிக்கு அந்தப் பக்கமாக விழுந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே வந்துவிட்டது. அக்கா அதன் தலையை இடது தோளில் தாங்கியிருந்தார். வலது கையில் கத்தி. கட்டைவிரல் நகம் ரத்தமில்லாமல் வெளுக்கிற அளவுக்குச் சுவிட்சைத் தள்ளிக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. விரல் வழுக்கியது. மறுபடி வைத்துத் தள்ளினார். மறுபடியும் வழுக்கியது.

என்னைப் பார்த்ததும், "வர மாட்டேங்குதுங்க தம்பி" என்றார். சத்தம் போடவில்லை. அந்தக் குரலை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

எனக்கு மாட்டைத் தொட்டே பழக்கம் கிடையாது, பாலைத்தான் தெரியும். எப்படிப் போனேன் என்று தெரியாது. கிடேரியின் கழுத்துக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, முட்டிக்கால் போட்டு, நெஞ்சால் முட்டித் தூக்கினேன். என்ன கனம்! கயிறு கொஞ்சம் தளர்ந்தது. அக்கா கத்தியைக் கீழே போட்டார். இப்போது அவருக்கு இரண்டு கையும் இருந்தது. கழுத்துச் சுருக்கை இரண்டு கையாலும் நெகிழ்த்தி, காது வழியாக உருவி எடுத்தார். நானும் கிடேரியும் ஒன்றாகச் சாணியில் விழுந்தோம்.

வெகுநேரம் கழித்து அது இருமியது. பிறகு மூச்சு வாங்கியது. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அழவில்லை. சீமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, கத்தியின் வெட்டுக்குள் விட்டு நோண்ட ஆரம்பித்தார். மஞ்சளாகச் சில்லு சில்லாகச் சேலையில் உதிர்ந்தது. ஒரு சில்லை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"சந்தனமுங்க" என்றார்.

"ஓ" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் அந்த 'ஓ'வை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. நோண்டி முடித்து, ஊதி, தள்ளிப் பார்த்தார். டக். இழுத்தார். டக். "போயிட்டு வாங்க தம்பி, அங்க ஆளுக காத்துட்டு இருப்பாங்க" என்றார்.

கிடேரி பிழைத்தது. ஆனால் குரல் போய்விட்டது. அதற்கப்புறம் அது கத்தினால் தகரத்தைத் தரையில் இழுத்தது போல இருக்கும். அடுத்த ஒரு வருடம் தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன், வந்தேன். அது கத்தும். நான் நின்று கட்டுத்தரையை எட்டிப் பார்ப்பேன். நாலு மாடும் கிடேரியும் நிற்கின்றனவா, கயிறு தளர்வாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "அக்கா" என்று ஒரு குரல் கொடுப்பேன். உள்ளேயிருந்து பதில் வரும். டக். சில நாள் பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்ததும் உண்டு.

வரிசையில் அக்கா சுவிட்சைத் தள்ளும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவர் ரசீதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

மறு வருடம் ஆயுத பூசை வந்தது. நான் யாரையும் எதையும் கொண்டு வரச் சொல்லவில்லை. தராசுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து, சுவிட்சை ஒரு தடவை தள்ளி இழுத்துவிட்டு, கத்தியை என் முன்னால் வைத்தார்.

"பொட்டு வெய்யுங்க தம்பி."

"வேண்டாங்கக்கா." சந்தனக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டேன்.

"வெய்யுங்க. பொத்தான் மேல மட்டும் வேண்டாம்." கத்தியைப் புரட்டினார். பின்பக்கம் கறுப்பு இன்னும் அப்படியே இருந்தது. நடுவில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க வெய்யுங்க."

"எப்பத் தெரிஞ்சுதுங்க?" என்று கேட்டேன்.

"அன்னைக்கேதானுங்க. நோண்டறப்பவே. பொட்டு வலதுபக்கமா இழுத்துட்டுக் கெடந்துச்சு." தராசின் பொட்டைக் கண்ணால் காட்டினார். "இந்த ஊர்ல இப்படிப் பொட்டு வெக்கறது வேற ஆருங்க?"

"ஏனுங்கக்கா, அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமல்லங்க?"

"கெடேரி கழுத்தைத் தாங்கிப் புடிச்சவங்களைப் போயி என்னன்னு கேக்கறதுங்க?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேறு பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, காட்டிய இடத்தில் பொட்டு வைத்தேன். அக்கா குனிந்து பார்த்தார்.

"இதுவும் கோணைதானுங்க" என்றார். அன்றைக்கு வாயை மூடாமல் சிரித்தார். உடைந்த பல் முழுசாகத் தெரிந்தது.

பிறகு தயங்கி, "ராத்திரி இங்கயே இருக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க, எடுத்துட்டுப் போங்க. சாமி ஒண்ணும் சொல்லாது."

"அப்பறம் பொழுதோட வரிசைல நிக்கறப்ப சத்தம் போடுமுங்களே தம்பி?"

"போடட்டுங்க" என்றேன்.